நாலாம் தொட்டிக்கு வராத காய்

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் வடகரப்பதியில் சிவப்பிரகாஷின் வீடு எது என்று கேட்டால், "கம்ப்யூட்டர்காரர் ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ரிப்பேர் கடை வைத்திருப்பவன் என்று நினைத்து, சார்ஜ் ஏறாத போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவன் முகம் சுளிக்காமல் பார்த்துக் கொடுப்பான். ஆனால் அவன் தொழில் வேறு. ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் கை நீட்டி நிற்கும்; எதை முதலில் ஓட விடுவது, எதைப் பாதியில் நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்கிற அடிமட்ட மென்பொருளைக் கெர்னல் என்பார்கள். அந்தக் கெர்னலை எழுதுகிறவர்களில் அவன் ஒருவன்.

கோயமுத்தூரில் மில் எந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்த இளவயதில், யார் தயவும் இல்லாமல் ஒரு சின்னக் கெர்னலைத் தானே எழுதினான். அதற்குக் குருவி என்று பெயர் வைத்தான். எந்திரத்தில் இருக்கும் டைமர் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டுகளை எண்ணித்தான் குருவி நேரத்தை அறியும். இத்தனை தட்டு ஆனதும் இந்த வேலை என்று சொல்லிவிட்டால், மற்ற எதையும் அப்படியே நிறுத்திவிட்டு அந்த வேலையைச் செய்து முடிக்கும். நெசவு எந்திரங்களிலும் பஞ்சு எந்திரங்களிலும் குருவி வருடக்கணக்கில் ஓடியது. ஒரு புகார் வந்ததில்லை. பிறகு பெங்களூரில் பெரிய கம்பெனி, பெரிய சம்பளம். அங்கே அவனுக்கு ஹைப்பர்வைசர் வேலை. ஒரே நிஜ எந்திரத்துக்குள் பல மெய்நிகர் எந்திரங்களைக் குடிவைத்து, ஒவ்வொன்றையும் தான் மட்டுமே இருப்பதாக நம்ப வைக்கும் மென்பொருள் அது. கொரோனா காலத்தில் ஊர் திரும்பியவன் திரும்பிப் போகவில்லை. மனைவி சித்ராவுக்குப் பாலக்காட்டில் பேங்க் உத்தியோகம். இவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து சொந்தமாக எந்திரக் கட்டுப்பாட்டு வேலைகளை எடுத்துச் செய்ய ஆரம்பித்தான்.

அப்படி வந்ததுதான் முதலமடை ஆனந்தகுமாரின் மாங்காய் ஷெட்.

ஆனந்தகுமார் தோப்புகளை மொத்தமாகக் குத்தகை பிடித்து வெளிநாட்டுக்குக் காய் அனுப்புகிறவர். ஷெட்டில் ஒரு நீளமான பெல்ட். அதில் வரிசையாகக் கிண்ணங்கள், கிண்ணத்துக்கு ஒரு காய். ஆரம்பத்திலேயே எடை பார்த்துவிடும். பிறகு ஓடிப் போகிற வழியில் முதல் தொட்டி பொடிக்காய்க்கு, அடுத்தடுத்து கொஞ்சம் பெரியதற்கு, நாலாவது தொட்டி முதல்தரப் பெருங்காய்க்கு. காய் தன் தொட்டிக்கு நேராக வரும் கணத்தில் கிண்ணம் கவிழ வேண்டும். கவிழாமல் எல்லாவற்றையும் தாண்டிப் போனால் கடைசியில் கூழ்க் கூடை. எடை பிடிபடாதவை, தொட்டிக்குத் தொட்டி நின்று பெட்டியில் அடுக்கும் பெண்கள் ஒதுக்கி வீசும் அடிபட்ட காய்கள் எல்லாம் அதில்தான் சேரும். சாயங்காலம் கூழ் ஆலை லாரி வந்து அள்ளிப் போகும். கிண்ணத்தைக் கவிழ்க்கும் பொறுப்பு குருவியுடையது. இரண்டு சீசன் அது ஒரு காயைக் கூடத் தவற விட்டதில்லை.

மூன்றாவது சீசனில் வெளிநாட்டு வியாபாரி ஒவ்வொரு பெட்டியும் கட்டப்படுவதை வீடியோவாகக் கேட்டான். கேமராக்களுக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா என்று ஆனந்தகுமார் யோசித்தபோது, "எதுக்குங்ணா? ஒரே எந்திரம் போதும். ரெண்டையும் அதுக்குள்ளயே தனித்தனியா குடி வெச்சறலாம்" என்றான் சிவப்பிரகாஷ். அவனுக்குத் தெரியாத வித்தையா? குருவிக்கு ஒரு மெய்நிகர் எந்திரம், கேமராவுக்கு ஒன்று. நிஜ எந்திரத்துக்குள் வேலைகளை ஓட்டும் மூளைகள் பல உண்டு, கோர் என்பார்கள்; அதில் ஒன்றைக் குருவிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தான். எல்லாம் சரியாக ஓடியது.

சீசன் சூடு பிடித்ததும் கேமராக்கள் கூடின. ஒருநாள் மதியம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆனந்தகுமார் கூப்பிட்டார். வீடியோ விட்டுவிட்டு வருகிறதாம், வியாபாரி கத்துகிறானாம். சிவப்பிரகாஷ் வலதுகையில் சோற்றோடு, இடதுகையால் லேப்டாப்பைத் திறந்து, குருவிக்கென்று வைத்திருந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டான். இனி எல்லாக் கோரும் எல்லாருக்கும் பொது. குருவிக்குள்ளே கிண்ணம் கவிழ்க்கும் வேலைக்குத்தான் முதலிடம், அதை எது நிறுத்த முடியும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. வீடியோ சரியாகிவிட்டது. அவன் மோர் ஊற்றிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் முதல்தரப் பெட்டிகளில் நடுத்தரக் காய் கலந்து வருகிறது என்று புகார் வந்தது. அதோடு இன்னொன்று: நாலாவது தொட்டிக்கு இத்தனை பெருங்காய் அனுப்பினேன் என்று குருவி சொல்லும் எண்ணிக்கை, பெட்டியில் இருப்பதை விட எப்போதும் அதிகம். பெருங்காய் எங்கேயோ போகிறது.

நாலாவது தொட்டியில் நின்றவள் பொன்னாத்தாள். வடகரப்பதிக்காரிதான், தினமும் பஸ் மாறி முதலமடைக்கு வருகிறவள். ஷெட் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள் என்பதால் முதல்தரக் காயை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். ஆனந்தகுமார் கேட்டபோது, "மேலிருந்தே அப்படித்தானுங்க வருது. நான் எடுத்துப் பெட்டில அடுக்கறேன், அவ்வளவுதான்" என்றாள்.

சிவப்பிரகாஷை வரச் சொன்னார்கள். அவன் போய்க் குருவியின் பதிவுகளை எல்லார் முன்னாலும் திரையில் விரித்தான். ஒவ்வொரு காய்க்கும் கவிழ வேண்டிய நேரம், கவிழ்ந்த நேரம். இரண்டும் ஒன்றே. மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். ஒரு இடத்திலும் பிசகில்லை.

"மெஷின்ல தப்பே இல்லீங்ணா" என்றான். "மில்லி செகண்டு கூட பெசகல. காய் தொட்டிக்கு வந்துருக்குது. வந்த பொறகு என்ன ஆச்சுன்னு மெஷினுக்குத் தெரியாது."

கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அதைச் சொன்னபோது பொன்னாத்தாளைப் பார்க்கவும் செய்தான்.

"ஏனுங்க தம்பி, நான் எடுத்தேன்னு சொல்றீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"நான் அப்படிச் சொல்லலீங்க்கா. இதுல இருக்கறதச் சொன்னேன்."

ஆனந்தகுமார் அவளுடைய பையைக் கொண்டுவரச் சொன்னார். வயர்க்கூடைப் பை. டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், அடியில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு மாங்காய். காம்பு பிய்ந்து பால் வடிந்து கறுத்தவை. அந்த மாதிரிக் காயை ஷெட்டில் எல்லாரும் ஊறுகாய்க்கு எடுத்துப் போவதுதான், ஆனந்தகுமாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த மேஜையின் மேல், அந்தத் திரைக்குப் பக்கத்தில், அவை வேறு மாதிரித் தெரிந்தன. பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை.

பொன்னாத்தாள் அந்த இரண்டு காயையும் எடுத்து மேஜையிலேயே வைத்துவிட்டு, மற்றதைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பஸ் வர நேரமிருந்தது. ரோட்டோரப் புளியமரத்தடியில் அவள் நின்றதை, காரை எடுத்துக்கொண்டு போகும்போது சிவப்பிரகாஷ் பார்த்தான். ஒரே ஊருக்குத்தான் இருவரும் போக வேண்டும். அவன் வண்டியை நிறுத்தவில்லை.

அன்று வீட்டில் சாப்பாட்டின்போது சித்ராவிடம் விவரத்தைச் சொன்னான். பதிவைத் திறந்து காட்டியதும் எல்லாரும் வாயடைத்துப் போனதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"அந்தக்கா என்ன சொன்னாங்க?" என்று சித்ரா கேட்டாள்.

"என்னத்தச் சொல்றது, போயிட்டாங்க" என்றான்.

பொன்னாத்தாளின் இடத்துக்கு மாரித்தாய் வந்தாள். சின்னப்பெண், கல்யாணமாகி வந்து அதிக நாளாகவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஆனந்தகுமாரின் போன். "இவளும் அதே மாதிரி போலிருக்குது தம்பி. பெருங்காய் கொறையுது. அந்தப் பொம்பள பழக்கிவுட்டுப் போயிட்டாளா என்னமோ. ஒருக்கா வந்து அந்தக் கணக்கக் காட்டிப்போடு, இவளையும் அனுப்பிச்சறலாம்."

சிவப்பிரகாஷ் போனான். ஆனந்தகுமார் தோப்புக்குப் போயிருந்தார். காத்திருந்த நேரத்தில், தன் வேலையை இன்னொரு வாடிக்கையாளருக்குக் காட்டலாமே என்று, பெல்ட் ஓடுவதைப் போனில் மெதுவோட்ட வீடியோவாகப் பிடித்தான். காய்கள் மிதந்து வருவது போல அழகாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அதை ஓட்டிப் பார்த்தான்.

ஒரு பெருங்காய் நாலாவது தொட்டிக்கு நேரே வந்தது. கிண்ணம் கவிழவில்லை. காய் தொட்டியைக் கடந்தது. கடந்த பிறகு கிண்ணம் சாவகாசமாகக் கவிழ்ந்தது. காய் கூழ்க் கூடைக்குள் போனது. அதன் பின்னாலேயே, மூன்றாவது தொட்டியில் விழ வேண்டிய நடுத்தரக் காய் நாலாவதில் விழுந்தது. மாரித்தாய் அதை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு எழுந்து அந்தக் கணத்துக்கான குருவியின் பதிவைத் தேடி எடுத்தான். கவிழ வேண்டிய நேரம், கவிழ்ந்த நேரம். இரண்டும் ஒன்றே.

இனி எதையும் தேட வேண்டியதில்லை, ஆனாலும் தேடினான். குருவியை விட்டு வெளியே வந்து, அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் நிஜ எந்திரத்தின் பக்கம் போய்ப் பார்த்தான். ஓடத் தயாராக இருந்தும் ஓட விடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட நேரம் என்று அங்கே ஒரு கணக்கு உண்டு. குருவிக்கு நேராக அது ஏறிக் கிடந்தது. கேமராக்கள் முட்டி மோதும்போதெல்லாம் ஹைப்பர்வைசர் குருவியை அப்படியே உறைய வைத்துவிட்டுக் கேமராவுக்கு இடம் கொடுத்திருக்கிறது. குருவிக்குள் எந்த வேலைக்கு முதலிடம் என்பது ஹைப்பர்வைசருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதற்குக் குருவி மொத்தமும் ஒரே வேலைதான். உறைந்து நின்ற நேரத்தில் டைமர் தட்டிய தட்டுகள் குருவியை எட்டவே இல்லை. எட்டாததை அது எண்ணவில்லை. அதன் கணக்கில் நேரமே போகவில்லை. பெல்ட் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இது அவனுக்குத் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் பரவாயில்லை. போன வருஷம்தான் பாலக்காட்டில் ஒரு காலேஜில் இதைப் பற்றி வகுப்பெடுத்தான். "உள்ள இருக்கற கெர்னலுக்குத் தன்னை நிறுத்தி வெச்சதே தெரியாது. அதுகிட்டப் போய் சாட்சி கேக்காதீங்க" என்று சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்தான். அதே சாட்சியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பையை மேஜையில் கொட்ட விட்டிருக்கிறான். சோற்றுக்கையோடு செய்த வேலை.

போய்க் கூழ்க் கூடையின் சாக்கை விலக்கிப் பார்த்தான். அடிபட்ட காய்களுக்கு நடுவே முழுசாக, கீறல் இல்லாமல், முதல்தரக் காய்கள். கூடையில் எல்லா அளவும் கிடக்கும் என்பதால் யாரும் கவனித்ததில்லை.

கோர் ஒன்றை மறுபடி குருவிக்கே ஒதுக்கினான். ஒரு கட்டளை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மறுபடி வீடியோ பிடித்தான். காய்கள் அதனதன் தொட்டியில் விழுந்தன. கேமராவுக்கு வேறு எந்திரம் வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். மாரித்தாயின் பெட்டி நிரம்பியது. அவள் அவனைப் பார்த்துப் பயந்தபடி சிரித்தாள். தன் பையையும் திறக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த இடத்தில் அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, யாருக்கும் தெரியாது, இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். அந்த நினைப்பு வந்ததே அவனுக்குப் பெரிய அசிங்கமாக இருந்தது. இருந்தும் சற்று நேரம் அதோடு உட்கார்ந்துதான் இருந்தான்.

ஆனந்தகுமார் வந்ததும் சொன்னான். அவர் வீடியோவைப் பார்த்தார். புரிந்தது.

"இப்பச் சரியாயிருச்சல்ல?"

"ஆயிருச்சுங்ணா. ஆனா அந்தக்கா..."

"அதை உடு தம்பி. ஆளனுப்பிச்சுக் கூப்புட்டா வந்துருவா. நாம தப்புப் பண்ணிட்டோம்னு இதுங்க முன்னால சொன்னா, நாளைக்கு எதுக்கெடுத்தாலும் மெஷினத்தான் சொல்லுவாங்க."

சிவப்பிரகாஷ் பதில் பேசாமல் வந்துவிட்டான். அப்போது பேசாமல் வந்ததும் பின்னால் அவன் மனதில் கிடந்து அரித்தவற்றில் ஒன்று.

மறுநாள் பொன்னாத்தாளின் வீட்டுக்குப் போனான். பூட்டியிருந்தது. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாய்க்கால் கரையில் பெண்கள் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் அவள் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம் பேசோணுமுங்க."

"சொல்லுங்க."

மற்றவர்களை விட்டுத் தள்ளி வரச் சொல்லலாமா என்று பார்த்தான். அவள் நகரவில்லை. அங்கேயே சொன்னான். மெஷினை வேறொரு வேலை அப்பப்ப நிறுத்தி வைத்தது, நிறுத்தி வைத்தது அதுக்கே தெரியாது, அதனால் சரியாகச் செய்ததாக எழுதி வைத்தது, காயெல்லாம் கூழ்க் கூடைக்குப் போனது. சொல்லச் சொல்ல, எல்லாம் மெஷினின் மேல் பழி போடுகிற மாதிரி ஒலிப்பது அவன் காதிலேயே விழுந்தது.

"மெஷினுக்குத் தெரியாதுன்னா சரிங்க" என்றாள் அவள். "உங்களுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். அப்படி நிறுத்தறதுக்கு வழி பண்ணிவுட்டதே நானுங்க. பாக்காம உங்களச் சொல்லிப்போட்டேன். தப்பு என்னுதுங்க."

அவள் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டாள்.

"நான் எடுக்கலீங்கறது எனக்குத் தெரியுமுங்க தம்பி. அதை எங்கிட்ட வந்து சொல்றீங்க. அன்னைக்கு எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க. அத்தன பேரும் இன்னும் அங்கதான் இருக்கறாங்க."

"சொல்றனுங்க."

"அந்த ரெண்டு காயி நான் எடுத்ததுதான்" என்றாள் பிறகு. "அதையும் மறைக்கல."

"அது எல்லாரும் எடுக்கறதுதானுங்களே."

"அன்னைக்கு அதை ஆரும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

உடனே போனான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். காலையில் கிளம்புவான், வேறு வேலை வந்துவிடும். முதலமடைப் பக்கம் திரும்பும் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பியும் இருக்கிறான். சித்ராவிடம் இதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் திட்டவில்லை. "சீசன் முடிஞ்சா அவங்கெல்லாம் கலைஞ்சு போயிருவாங்க" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். அடுத்த நாள் அவன் போய்விட்டான்.

மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனந்தகுமார் கணக்கு அறையில் இருந்தார். சிவப்பிரகாஷ் அதே மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றான். தயார் பண்ணிக்கொண்டு வந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது.

"பொன்னாத்தாக்கா காய் எடுக்கலீங்க" என்றான். "நான் பண்ணுன கோளாறுங்க அது. மெஷின் சரின்னு நான் சொன்னது தப்பு. காயெல்லாம் கூழ்க் கூடைக்குப் போயிருக்குது. அவங்க மேல எந்தத் தப்பும் இல்லீங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஒரு வயசான பெண், "இப்பச் சொல்றீங்களா" என்றாள். குரலில் கேலி இல்லை. இன்னொருத்தி மெல்லச் சிரித்தாள். மாரித்தாய்தான் கேட்டாள்: "அப்ப அந்தக்கா திரும்பி வருவாங்களுங்களா?"

"தெரியலீங்க" என்றான்.

கணக்கு அறை வாசலில் ஆனந்தகுமார் நின்றிருந்தார். அவனை உள்ளே கூப்பிடவில்லை. அந்த சீசனோடு ஷெட் வேலை வேறு ஆளுக்குப் போனது. அவன் காரணம் கேட்கவில்லை. குருவியைக் கழற்றிவிட்டு வேறு என்னவோ போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான்.

பொன்னாத்தாளுக்கு ஆனந்தகுமார் ஆளனுப்பினார். அவள் போகவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு இளநீர்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஷெட் பெண்கள் சிலர் அவள் வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள் என்று சித்ராவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சிவப்பிரகாஷ் இப்போதும் மாடியில்தான் வேலை செய்கிறான். புது எந்திரத்தை ஓட விடும் இடத்துக்கெல்லாம் தானே போய், பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான். வாடிக்கையாளர்களுக்கு அது வீண் தாமதமாகத் தெரிகிறது. அவன் விளக்கம் சொல்வதில்லை. அந்தக் காலேஜில் மறுபடி வகுப்பெடுக்கக் கூப்பிட்டபோது, நேரமில்லை என்று சொல்லிவிட்டான். நேரம் இருந்தது.

போன மழைக்காலத்தில் கார் ரிப்பேர் கடையில் கிடந்தது. எல்லையோரக் கோபாலபுரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தான். நனைந்தபடி வந்து நின்ற ஆட்டோவில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் பொன்னாத்தாள். அவன் அடுத்த வண்டியில் வருவதாக டிரைவருக்குக் கை காட்டினான்.

"மழை பெய்யுதுங்க தம்பி, ஏறுங்க" என்று சொல்லி, அவள் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தாள்.

அவன் ஏறி உட்கார்ந்தான். ஊர் வரும் வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.